கையகல இடைவெளி

ஜனவரி 6

அன்பு மருமகளுக்கு,

இதையெல்லாம் நான் அன்றைக்கே சொன்னேன். நீ வரைபடத்தை விரித்துவைத்து, முற்றத்தின் கோடியில் பென்சிலால் ஒரு கட்டம் போட்டு, "இதுதான் மாமா கணப்பு, குளிர்காய்கிற அடுப்பு" என்று காட்டிய அன்றே சொன்னேன். இந்த வீட்டில் இனி யாரும் கூடத்தில் உட்காரப் போவதில்லை, உன் கண்ணாடிச் சுவரும் நீளச் சோபாவும் அனாதையாகக் கிடக்கும், ஆளாளுக்கு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நெருப்புக்கு முன்னால் போய்விடுவார்கள் என்று. நடந்ததா இல்லையா? அச்சுப் பிசகாமல் நடந்தது.

நீ என் போனை எடுப்பதில்லை. "போனில் மாமாவை நிறுத்த முடியாது, ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் எழுதச் சொல், கைவலிக்குப் பயந்தாவது அளப்பது குறையும்" என்று உன் அம்மாவிடம் சொல்லி அனுப்பினாயாம். அக்கா சிரித்துக்கொண்டே சொன்னாள். எனக்குக் கை வலிப்பதில்லை, மருமகளே. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டதால் என் விரல்கள் தேயாமல் புத்தம் புதிதாக இருக்கின்றன.

உன் கோபம் எனக்குத் தெரியாமல் இல்லை. வீட்டைப் படம் பிடிக்க வருகிற பத்திரிகைக்காரர் முன்கூட்டி வந்து பார்த்தபோது, அடுப்பு என் யோசனை என்று நான் ஒரு வார்த்தை சொல்லிவிட்டேன். ஒரு வார்த்தைதான். அவர்தான் அதை நோட்டில் குறித்துக்கொண்டு என்னைத் தோளில் தட்டினார். மனிதன் தட்டும்போது தோளை இழுத்துக்கொள்ளவா முடியும்?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நீ இந்த வீட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டு ஊர் மாறிப் போன பிறகு வீட்டுக்காரர் என்னைப் பின்வேலைகளுக்கு வைத்துக்கொண்டிருக்கிறார். மதில் பூச்சு, வாசல் கதவின் உரசல், சொட்டுகிற குழாய். தெருமுனையில் ஒரு மாடியறையில் இருக்கிறேன். குளிர் இந்த வருஷம் பல்லைக் கிட்ட வைக்கிறது. அடுப்பை ஏற்றிய முதல் நாள் பாதித் தெரு மதிலுக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு நின்றது. புகை கொஞ்சம் தயங்கியது. நான் கையை மேலே காட்டினேன். நூல் பிடித்த மாதிரி நேராக ஏறிப் போயிற்று. அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் எரிகிறது.

இன்னொரு நல்ல செய்தி. அடுப்புக்கு முதுகு காட்டி இருக்கிறதே வீட்டுக்காரர் மகள் வாண்டுவின் அறை, அந்தச் சுவர் இதமாகச் சூடேறுகிறது. காசில்லாமல் ஒரு ஹீட்டர். அவள் அம்மா டாக்டரம்மாவுக்குப் பரம சந்தோஷம். குழந்தையின் கட்டிலை அந்தச் சுவரோடு ஒட்டிப் போட்டுவிட்டார்.

அடுப்பின் முதுகுக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவே நீ விடச் சொன்ன கையகல இடைவெளி, மேலிருந்து கீழ்வரை ஒரு மயிரிழை கோணாமல் வந்ததென்று நீயே மேஸ்திரியைப் பாராட்டினாய். அது எப்படி வந்தது என்று கேட்டாயா? நான்தான் ஒரே அளவில் மரக்கட்டைகளை அறுத்துக் கொடுத்தேன். அதை நடுவில் நடுவில் வைத்துத்தான் கட்டினார்கள். பாராட்டு யாருக்கோ போனது. போகட்டும், நான் பெரிய மனசுக்காரன்.

இப்படிக்கு,
உன் மாமா

◆

ஜனவரி 11

மாமா,

நலம். கோபம் போகவில்லை, ஆனால் அதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்கிறேன்.

உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் மத்தியானம் பிரித்துப் படித்தேன். புகைக்குக் கை காட்டிய இடத்தில் சிரிப்பு வந்தது. சுவர் சூடாக இருக்கிறது என்ற இடத்தில் நின்றுவிட்டேன். பிறகு முழுவதும் படித்து, மறுபடி அந்த வரிக்கே திரும்பினேன்.

அந்தச் சுவர் சூடாகக் கூடாது, மாமா. இதமாகக்கூட இருக்கக் கூடாது. அந்த வீடு கல் வீடு இல்லை. மரச்சட்டம் நிறுத்தி, இரண்டு பக்கமும் பலகை அடித்து, நடுவில் குளிருக்குக் கண்ணாடிப் பஞ்சு வைத்த வீடு. "தீப்பெட்டி மாதிரி கட்டிவிட்டுப் பக்கத்தில் தீக்குச்சியை நட்டு வைக்கிறாயே" என்று நீங்கள் கேலி செய்தீர்கள், நான் முறைத்தேன். கேலிக்குப் பதிலாகத்தான் அந்த இடைவெளி. நெருப்பின் சூடு அடுப்பின் முதுகைத் தாண்டி வரும்போது அங்கே காற்று மட்டும் இருக்க வேண்டும். காற்று கீழே நுழைந்து மேலே போய்க்கொண்டிருந்தால் வீட்டுச் சுவருக்கு அடுப்பு இருப்பதே தெரியாது.

மழைத்தண்ணீர் இறங்குகிறது என்று வீட்டுக்காரர் சொன்னதால் இடைவெளியின் வாயைத் தகரத்தால் மூடினோம். மூடச் சம்மதித்தது நான். பக்கவாட்டில் துளை இருக்கிறது, போதும் என்று நினைத்தேன். இப்போதும் போதும் என்றுதான் கணக்கு சொல்கிறது.

ஆனால் நீங்கள் கட்டைகளைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது தெரியாது. நான் தளத்தில் இல்லாத வாரத்தில் நடந்திருக்கிறது. கட்டிய பிறகு அந்தக் கட்டைகளை எடுத்தார்களா? ஒரு கட்டை உள்ளே நின்றிருந்தாலும் அது அடுப்பின் முதுகையும் வீட்டின் மரச்சட்டத்தையும் தொட்டுக்கொண்டு நிற்கும். காற்று நிறுத்தி வைக்கிற சூட்டை அந்தக் கட்டை கைமாற்றிவிடும்.

மரம் ஒரே நாளில் பற்றிக்கொள்வதில்லை, மாமா. தினமும் கொஞ்சம் வறளும், கொஞ்சம் கருகும். முதல் நாள் பற்றாத அதே சூட்டில் ஒரு நாள் பற்றும். சத்தமில்லாமல், சுவருக்குள்ளேயே.

டாக்டரம்மாவுக்கு உடனே போன் செய்து கட்டிலை நகர்த்தச் சொல்லிவிட்டேன். பயமுறுத்தாமல் சொன்னேன். மேஸ்திரியிடமும் பேசினேன், எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம் என்கிறார். அவர் போனில் எதற்கும் ஆமாம் சொல்கிறவர். நீங்கள் நேரில் கேளுங்கள். சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். பார்த்ததை எழுதுங்கள். பார்த்ததை மட்டும்.

உங்கள் மருமகள்

◆

ஜனவரி 15

அன்பு மருமகளுக்கு,

"பார்த்ததை மட்டும்" என்று அடிக்கோடு போட்டிருக்கிறாய். பள்ளிக்கூடத்திலும் இப்படித்தான் என் நோட்டில் சிவப்பு மையால் கோடு போடுவார்கள். அதனால்தான் எட்டாம் வகுப்போடு நானே அவர்களை மன்னித்து விட்டுவிட்டேன்.

உன் உத்தரவுப்படி முதலில் மேஸ்திரியிடம் போனேன். வேறொரு தளத்தில் நின்றுகொண்டிருந்தார். சட்டையைப் பிடித்து உலுக்கினேன் என்று எழுத ஆசைதான். பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே கேட்டேன்.

"அந்த அடுப்பு முதுகுல வெச்ச கட்டையெல்லாம் எடுத்தாச்சா, மேஸ்திரி?"

"எடுக்காம? எல்லாம் எடுத்தாச்சு."

"எத்தனை வெச்சீங்க?"

"கட்டையை யாரு சார் எண்ணுவா. மேலேர்ந்து கை விட்டு, கைக்கு வந்ததை எல்லாம் எடுத்தோம்."

"கைக்கு வராதது?"

"வராதது இருந்தாத்தானே வரும்?" என்றார். பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "அறுத்துக் கொடுத்தது நீங்கதானே, நீங்க எண்ணலையா?" என்றார்.

எனக்கு வாயில் டீ இருந்தது. விழுங்கிவிட்டுப் பேச்சை மாற்றினேன்.

அங்கிருந்து வீட்டுக்குப் போனேன். வாண்டு பொம்மை ஸ்டெதஸ்கோப்பைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். மூன்று வயதுதான், அம்மாவைப் போலவே முதலில் நோயாளியைச் செருப்பைக் கழற்றச் சொல்கிறாள். என்னைத் தாத்தா என்று கூப்பிடுகிறாள். மாமா என்று கூப்பிடு என்று எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தாயிற்று. "தாத்தா, வா, நான் பார்த்த பேஷண்டைக் காட்டறேன்" என்று கையைப் பிடித்து அறைக்குள் இழுத்துப் போனாள்.

பேஷண்ட் யார் தெரியுமா? சுவர்.

"சுவத்துக்கு ஜுரம்" என்றாள். கையைப் புறங்கையாகத் திருப்பி வைத்துக் காட்டினாள், அவள் அம்மா வைப்பது போலவே. நானும் வைத்தேன்.

கட்டில் நகர்ந்திருந்தது, அது நிஜம். ஆனால் தலையணை சுவரோரம் தரையில் கிடந்தது. டாக்டரம்மா சொன்னார், "நாங்க நகர்த்திட்டோம். இவளே இறங்கிப் போய் அங்க ஒட்டிக்கிட்டுப் படுத்துக்கிறா. தூக்கிப் போட்டாலும் திரும்பப் போயிடறா."

வீட்டுக்காரர் வந்தார். "சார், சுவர் சுடுது" என்றேன்.

"இதமா இருக்குன்னு சொல்லுங்க. இந்தக் குளிருக்கு வேற என்ன வேணும்?"

"என் மருமகள் கவலைப்படுறா."

"உங்க மருமகள் நல்லா கட்டியிருக்காங்க. ஆனா ஒரு விஷயத்துக்குப் போன் பண்றாங்க, ஒன்பது விஷயத்துக்குக் கவலைப்படுறாங்க. மாசக் கடைசியில படம் எடுக்க வர்றாங்க, அடுப்பு எரியணும்னு சொல்லியிருக்காங்க. அதுக்குள்ள யாரும் என் சுவத்துல ஆணி கூட அடிக்கக் கூடாது."

நீ கேட்டது சூடு எவ்வளவு என்று. எழுதுகிறேன். மத்தியானம், அடுப்பு எரியாத நேரம். முந்தின சாயங்காலம் ஏற்றி அணைத்த நெருப்பு. சுவரின் மற்ற இடமெல்லாம் பாத்திரம் போல ஜில்லென்றிருந்தது. ஓரிடத்தில் மட்டும், வாண்டுவின் உயரத்தில், இரண்டு கை அகலத்துக்கு, காய்ச்சல்காரன் நெற்றி.

அடுப்புக்குப் பக்கத்தில் போய் நின்று முகர்ந்தேன். விறகு வாசனைதான். அறைக்குள் திரும்பி வந்து முகர்ந்தால் வேறு வாசனை. இஸ்திரி போடும்போது துணி கருகுமே, அதற்கு ஒரு நொடி முன்னால் ஒரு வாசனை வரும். அது. ஆனால் என் மூக்கு ஜலதோஷ மூக்கு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

மற்றபடி எனக்கு ஒன்றும் இல்லை. நான் எத்தனை அடுப்பைப் பார்த்தவன். ஒரு தரம் ஒரு செங்கல் சூளைக்குள்ளேயே தூங்கியிருக்கிறேன். அதை இன்னொரு கடிதத்தில் விரிவாக எழுதுகிறேன்.

உன் மாமா

◆

ஜனவரி 20

மாமா,

சூளைக் கதை வேண்டாம்.

அடுப்பை ஏற்ற வேண்டாம் என்று வீட்டுக்காரரிடம் சொன்னேன். படம் எடுத்த பிறகு நிறுத்துகிறேன் என்கிறார். "ஏற்கெனவே இத்தனை நாள் எரிஞ்சாச்சு, ஒண்ணும் ஆகலையே" என்றார். இத்தனை நாள் எரிந்ததுதான் என் பயம் என்பதை அவருக்கு எப்படிப் புரியவைப்பது என்று தெரியவில்லை. புரியவைத்தால் நான் தப்பாகக் கட்டியிருக்கிறேன் என்று ஆகிறது. ஆகட்டும். ஆனால் தப்பு இருக்கிறதா என்பதே எனக்கு நிச்சயமில்லை.

இங்கே மூத்த ஆர்க்கிடெக்டிடம் வரைபடத்தைக் காட்டினேன். "வரைபடத்துல தப்பில்லை. கட்டை உள்ளே இருக்குன்னு யாராவது பார்த்தாங்களா? இல்லை. சுவர் வெதுவெதுப்பா இருக்குன்னு சொன்னது யாரு?" என்று கேட்டார். "என் மாமா" என்றேன். உங்களைப் பற்றி நானே அவரிடம் முன்பு நிறையச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறேன். அவர் கண்ணாடியைத் துடைத்தார். பிறகு, "குளிர்காலத்துல வெளியே ஜில்லுனு இருக்கும்போது வெதுவெதுப்பே சூடாத்தான் தெரியும். பிரிச்சு உள்ளே ஒண்ணும் இல்லைன்னா, உன்னோட முதல் வீட்டை நீயே உடைச்சவள்னு பேர் வரும். அதுக்கப்புறம் யார் உன்னைக் கூப்பிடுவாங்க?" என்றார்.

அவர் சொல்வது சரி. நெற்றிச் சூடு என்பது ஆதாரம் இல்லை. கணக்குப்படி, மூடிய இடைவெளியில் தேங்கிய காற்று அந்த அளவு சூட்டைத் தரலாம். அது ஆபத்து இல்லை. அதைத் தாண்டி இருந்தால் ஆபத்து. எல்லை எங்கே இருக்கிறதோ அங்கேயே நிற்கிறது நீங்கள் எழுதிய நெற்றிச் சூடு.

நான் என்ன செய்கிறேன் தெரியுமா? பஸ்ஸில், மேஜையில், எங்கே உட்கார்ந்தாலும் பக்கத்துச் சுவரில் கை வைக்கிறேன். இங்கே எல்லாச் சுவரும் குளிர்ந்து கிடக்கிறது. ஒவ்வொரு தரமும் அந்தத் தலையணை ஞாபகம் வருகிறது.

மாமா, ஒன்று கேட்கிறேன். அந்தச் சுவரில் நீங்கள் கண்ணால் பார்த்தது ஏதாவது உண்டா? நிறம் மாறியது, வண்ணப்பூச்சு கொப்புளித்தது, ஏதாவது. அப்படி ஒன்று இருந்தால் நாளைக்கே வருகிறேன், யார் சொன்னாலும் கேட்காமல் சுவரை அறுக்கிறேன். இல்லை என்றால் இல்லை என்று எழுதுங்கள். நானும் கையை எடுத்துக்கொண்டு தூங்கப் பார்க்கிறேன்.

இந்த ஒரு தடவை ஜரிகை வேண்டாம். வெறும் துணி போதும்.

உங்கள் மருமகள்

◆

ஜனவரி 23

மருமகளே,

உன் கடிதம் கிடைத்த கையோடு போன் அடித்தேன். அடித்துக்கொண்டே இருந்தேன். என் நம்பரை நீ அடைத்து வைத்திருக்கிறாய். அக்காவுக்கு அடித்தேன், அவளும் எடுக்கவில்லை. அதனால் கூரியரில் அனுப்புகிறேன்.

நேற்றும் ஏற்றினார்கள். விருந்தாளிகள் வந்திருந்தார்கள், விறகை அள்ளி அள்ளிப் போட்டார்கள்.

இன்றைக்குக் காலையில் போனேன். வாண்டுவின் அறையில், அந்த இடத்துக்கு நேர் கீழே, சுவரோரம் ஒரு பச்சைக் கிரேயான் கிடந்தது. சுவரைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. தொட்டுக்கொண்டிருந்த பக்கம் உருகி, பலகையில் ஒட்டி, மெழுகு கண்ணீர் மாதிரி கீழே இறங்கி உறைந்திருந்தது. நான் பிய்த்து எடுத்தேன்.

கண்ணால் பார்த்தது.

வா.

மாமா

◆

பிப்ரவரி 2

மாமா,

சுவரை அறுத்த அன்றைக்கு உங்களோடு நின்று பேச முடியவில்லை. உங்களுக்கும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். நீங்கள் பேசாமல் நின்று நான் பார்த்ததே இல்லை. நாங்கள் சுவரை அறுக்கிற நேரம் முழுக்க, நீங்கள் வாண்டுவை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசல் கேட்டுக்கு வெளியே நின்றீர்கள். உள்ளே வரவே இல்லை. வெற்றியைப் பார்க்க நீங்கள் முதல் ஆளாக வந்து நிற்பீர்கள் என்றல்லவா நினைத்தேன்.

நீங்கள் பார்க்காததை எழுதுகிறேன்.

வீட்டுக்காரர் கடைசி வரை சம்மதிக்கவில்லை. "வெதுவெதுப்புக்கு யாராவது சுவத்தை உடைப்பாங்களா?" என்றார். அப்போது கிரேயான் விஷயத்தைச் சொன்னேன். மெழுகு உருக வேண்டுமானால் சுவரில் கையை வைத்துக்கொண்டு நிற்க முடியாத சூடு வேண்டும், அறைப் பக்கமே அப்படி என்றால் உள்ளே எப்படி இருக்கும் என்று கேட்டேன். டாக்டரம்மாதான், "அறுங்க" என்றார்.

பலகையை அறுத்ததும் பஞ்சு வந்தது. மஞ்சளாக இருக்க வேண்டியது டீத்தூள் நிறத்தில் இருந்தது. அதை எடுத்தேன். பின்னால் மரச்சட்டம். மேலும் கீழும் புது மரம் போலவே இருந்தது. நடுவில், வாண்டுவின் தலை உயரத்தில், ஒரு உள்ளங்கை அளவுக்குக் கறுப்பு. தொட்டேன். விரல் உள்ளே போயிற்று. மரம் என்று அங்கே எதுவும் இல்லை, கரி மட்டும்.

அதற்குப் பின்னால் உங்கள் கட்டை. அடுப்பின் முதுகுக்கும் சட்டத்துக்கும் நடுவில் கச்சிதமாக, நீங்கள் எழுதியது போல ஒரு மயிரிழை கோணாமல், நின்றுகொண்டிருந்தது. கீழே விழுந்த சாந்து அதைச் சுற்றி இறுகிப் பிடித்திருந்தது. மேலேயிருந்து யார் கையை விட்டாலும் வந்திருக்காது. இன்னும் கீழே இன்னொன்று இருந்தது, அது பாதி கருகியிருந்தது.

தீயணைப்பு நிலையத்திலிருந்து ஒருவர் வந்து பார்த்தார். ரொம்ப நேரம் அந்தக் கரியைச் சுரண்டிக்கொண்டே இருந்தார். "இதுக்குக் காத்துதான் பாக்கி இருந்துச்சு" என்றார். படம் எடுக்கிற அன்றைக்கு நாள் முழுக்க எரிக்கத் திட்டமிட்டிருந்தார்கள் என்று வீட்டுக்காரர் சொன்னபோது அவர் தலையை நிமிர்த்தி வீட்டுக்காரரைப் பார்த்தார். வீட்டுக்காரர் வெளியே போய் முற்றத்துப் படியில் உட்கார்ந்துவிட்டார். டாக்டரம்மா தரையில் கிடந்த தலையணையை எடுத்து, அதைத் தட்டி, மறுபடியும் தட்டி, கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார்.

அடுப்பை இடித்துவிட்டு முற்றத்தின் நடுவில், வீட்டைத் தொடாமல், வேறொன்று வரைகிறேன். வேண்டாம் என்று அவர்கள் சொன்னால் அதுவும் சரி. பத்திரிகையில் வீடு வராது. மூத்த ஆர்க்கிடெக்ட் நடந்ததைக் கேட்டுவிட்டு மறுபடி கண்ணாடியைத் துடைத்தார். "உங்க மாமாவை ஒரு நாள் அழைச்சுட்டு வா" என்றார்.

கட்டை பற்றி நான் உங்கள்மேல் கோபப்படவில்லை. இடைவெளி ஒரு மயிரிழை கோணக் கூடாது என்று மேஸ்திரியின் உயிரை வாங்கியது நான். வாயை மூடச் சம்மதித்ததும் நான். இனி நான் வரைகிற எந்த இடைவெளியையும் நானே டார்ச் அடித்துப் பார்த்த பிறகுதான் மூடுவேன்.

உங்கள் நம்பரைத் திறந்துவிட்டேன். ஆனால் இதை எழுதத்தான் தோன்றியது.

ஒரு வேண்டுகோள். அந்தப் பச்சைக் கிரேயானை எனக்கு அனுப்புங்கள். அன்றைக்கு அறை முழுக்கத் தேடினேன், சுவரில் மெழுகின் தடயம்கூட இல்லை. பலகையை அறுத்ததில் போயிருக்கும். பிய்த்து எடுத்தேன் என்று எழுதினீர்கள், கிரேயான் உங்களிடம்தான் இருக்கும். அதை என் மேஜையில் வைத்துக்கொள்ள வேண்டும். என் கணக்கு சரி என்று சொன்னபோது அது மட்டும்தான் இல்லை என்று சொன்னது.

நீங்கள் எழுதியதிலேயே சின்னக் கடிதம் அது, மாமா. அதனால்தான் நம்பினேன்.

அன்புடன்,
உங்கள் மருமகள்

◆

பிப்ரவரி 7

அன்பு மருமகளுக்கு,

இதையும் நான் அன்றைக்கே சொன்னேன் என்று ஆரம்பிக்கத்தான் உட்கார்ந்தேன். தெருவில் எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். டீக்கடையில் நேற்று நான் சொன்ன கணக்கில், சுவரைத் தொட்டுப் பார்த்தே உள்ளே எந்த இடத்தில் எந்தக் கட்டை நிற்கிறது என்று விரலால் காட்டிவிட்டேன். தீயணைப்பு நிலையத்துக்காரர் என் கையைக் குலுக்கினார். அவர் குலுக்கவில்லை, தலையை ஆட்டினார். அதுவும் வேறு யாரையோ பார்த்து ஆட்டியிருக்கலாம்.

உன் கடிதம் வந்ததும் கடைக்குப் போனேன். ஒரு பெட்டி கிரேயான் வாங்கினேன். பச்சையை எடுத்து மெழுகுவர்த்தியில் ஒரு பக்கமாகக் காட்டினேன். முதல் கிரேயான் கையிலேயே கூழாகிவிட்டது. இரண்டாவது பெட்டி வாங்கினேன். கடைக்காரர், "பேத்திக்கா?" என்றார். ஆமாம் என்றேன். இரண்டாவது அச்சு அசலாக வந்தது. ஒரு பக்கம் உருகி, கண்ணீர் மாதிரி இறங்கி, உறைந்து. பஞ்சில் சுற்றி உறையில் போட்டு ஒட்டியும்விட்டேன்.

ஒட்டிய உறையை எதிரில் வைத்துக்கொண்டு உன் கடைசி வரியைப் படித்தேன். சின்னக் கடிதம், அதனால்தான் நம்பினேன் என்கிறாய். உறையைப் பிரித்துவிட்டேன்.

வாண்டு சுவரில் கிறுக்குகிறாள் என்று டாக்டரம்மா கிரேயானையெல்லாம் எப்போதோ அலமாரிக்கு மேலே ஏற்றிவிட்டார். அந்த அறையில் பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. அன்றைக்குக் காலையில் நான் போனபோது அங்கே இருந்தது ஒரு தலையணை. நான் அதன்மேல் உட்கார்ந்து சுவரில் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். ரொம்ப நேரம் வைத்திருந்தேன். சுட்டிருந்தால் எடுத்திருப்பேன்.

உனக்கு நான் என்ன எழுதியிருக்க முடியும் என்று யோசித்துப் பார். கண்ணால் பார்த்தது உண்டா என்று கேட்டாய். இல்லை என்பதுதான் உள்ளது. இல்லை என்று எழுதினால் நீ கையை எடுத்துக்கொண்டு தூங்கப் போவாய். எனக்குப் பயமாக இருக்கிறது என்று எழுதலாமென்றால் அந்த வார்த்தையை நான் எழுதிப் பழகியதில்லை. புலியைப் பார்த்தேன் என்று எழுதத் தெரியும். புலி என்னைப் பார்த்து ஓடியது என்று எழுதத் தெரியும். கட்டையை எண்ணலையா என்று மேஸ்திரி கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று எழுதத் தெரியவில்லை.

நீ சுவரை அறுக்கிற சத்தம் கேட் வரைக்கும் கேட்டது. உள்ளே ஒன்றும் இல்லாவிட்டால் உன் பெயரை நான் எரித்தவன். ஏதாவது இருந்தால் அந்தக் கட்டையை அறுத்துக் கொடுத்தவன். எதற்கு உள்ளே வருவேன்? வாண்டு என் நெற்றியில் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "தாத்தாவுக்கு ஜுரம் இல்லை, ஜில்லுனு இருக்கே" என்றாள்.

எல்லோரும் தப்பித்துவிட்டோம் என்று நீ நினைக்கிறாய். எனக்குப் பயம் இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறது. வாழ்நாள் முழுக்க அளந்துவிட்டுக்கொண்டிருந்தவன், நீ கெஞ்சிக் கேட்ட அந்த ஒரு தடவை யோக்கியனாக இருந்திருந்தால் என்று நினைத்துப் பார்க்கிறேன். வெறும் துணியைத்தான் அனுப்பியிருப்பேன். அடுப்பு நாள் முழுக்க எரிந்திருக்கும். தலையணை அங்கேயே கிடந்திருக்கும்.

கேட்டாய் என்பதற்காகக் கிரேயானை இத்துடன் வைத்திருக்கிறேன். மேஜையில் வைப்பதும் குப்பையில் போடுவதும் உன் இஷ்டம். இது நான் மெழுகுவர்த்தியில் உருக்கியது. அந்தச் சுவரில் எதுவும் உருகவில்லை, மருமகளே. வெதுவெதுப்பாக இருந்தது, அவ்வளவுதான்.

மாமா